பெயர் கேட்ட மருமகள்

ஜூன் 3
கீழ்த்தளம், ஒன்பதாம் அறை

மருமகளுக்கு,

இன்று காலையிலிருந்து உன்னோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பேசாமல் மட்டும் இருந்தால் நீ நிம்மதியாக இருந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சமையலம்மா டீ கொண்டுவரும்போது இதையும் உன் மேசையில் வைப்பார். பதிலை அவரிடமே கொடு. நேரில் வந்து கெஞ்சினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

நீ இந்த முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பில் இருக்கிற நர்ஸ். சரி. நான் இங்கே தங்கியிருக்கிற கிழவன். அதுவும் சரி. மகன் கப்பலில், நீ வேலையில், வீட்டில் தனியாக விழுந்து கிடந்த பிறகு, "உன் இல்லத்துக்கே வந்துடறேம்மா" என்று நானாகக் கேட்டுத்தான் வந்தேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் உன் மாமனார் என்பதும் பதிவாக வேண்டும்.

இன்று காலை சாப்பாட்டுக் கூடத்தில், அத்தனை பேர் பார்க்க, அந்தச் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி என்ன கேட்டாய்? "உங்க பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க."

என்னைப் பார்த்தா! பக்கத்து நாற்காலியில் இருந்த என் அறைக்கூட்டாளி, அந்தப் பழைய பஸ் டிரைவர், சிரித்த சிரிப்பில் அவன் வாயிலிருந்த ரொட்டி என் சட்டைக்கு வந்துவிட்டது.

வாழ்நாளெல்லாம் கோர்ட் வாசலில் நின்று ஊரார் பெயரை மூன்று தடவை கூவிக் கூப்பிட்டவன் நான். கொலைகாரனிலிருந்து குடித்தனக்காரன் வரை என் குரலுக்கு அடித்துப் பிடித்து ஓடி வந்திருக்கிறான். எனக்குத் தெரிந்து பெயர் கேட்பது கூண்டில் ஏறியவனைத்தான். கூண்டில் ஏற நான் என்ன குற்றம் செய்தேன், என் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டதைத் தவிர? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பெயரை நீ வாயால் சொன்னதில்லை. ஒரு விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டியிருந்தால்கூட உன் புருஷனைக் கூப்பிடுவாய். அந்த மரியாதை எந்த வண்டியில் ஏறிப் போயிற்று?

அதே கூடத்தில், அதே கூட்டத்தின் முன்னால் நீ மன்னிப்புக் கேட்கும் வரை உன் கையால் மாத்திரை வாங்குவதாக இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறினால் ஏறட்டும். ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது.

இன்னும் உன் மாமாவாக இருக்கும்,
மாமா


ஜூன் 3, மாலை
நர்ஸ் அறை

மாமாவுக்கு,

கோபம் தனி, மாத்திரை தனி. இந்தக் கடிதத்தின் பின்னாலேயே நானும் வண்டியோடு வருவேன். என்னோடு பேச வேண்டாம். சுவரைப் பார்த்தபடி சுவருக்கே உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள். என் காதில் விழுந்தால் போதும், மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, நீங்கள் விழுங்கும் வரை நின்றுவிட்டுப் போய்விடுவேன்.

போன மாதம் டீச்சரம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்ததே, வழுக்கி விழுந்தார் என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை மாமா. இங்கே ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலி வரிசைப்படி மாத்திரைக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். முதல் நாற்காலிக்கு முதல் கிண்ணம். எல்லாரும் என்றைக்கும் அவரவர் இடத்தில்தான் உட்காருவீர்கள் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்கு டீச்சரம்மா மின்விசிறிக் காற்று மூட்டுக்கு ஆகவில்லை என்று பக்கத்து அம்மாவோடு இடம் மாற்றிக்கொண்டார். அந்த அம்மாவின் சர்க்கரை மாத்திரை, சர்க்கரை நோயே இல்லாத டீச்சரம்மாவின் வாய்க்குப் போயிற்று. தலை சுற்றிற்று, விழுந்தார்.

"அப்படின்னா நீங்கதானே டீச்சரம்மான்னு கேட்டுட்டுக் கொடுக்க வேண்டியதுதானே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்! இந்த இல்லத்தில் யாரிடம் எதைக் கேட்டாலும் "ஆமாம்மா" என்பார்கள். பாதிப் பேருக்குக் காது கேட்காது. மீதிப் பேருக்கு எங்கள் முகத்துக்கு எதிரே இல்லை என்று சொல்ல மனம் வராது. அதனால் நான் பெயரைச் சொல்லவே கூடாது. அவரவர் வாயால் வர வேண்டும். அது என் கையிலிருக்கும் சீட்டோடு ஒத்துப்போனால்தான் கிண்ணம் கை மாறும்.

சிவப்பு அங்கியும் அதற்குத்தான். அதைப் போட்டிருக்கும்போது யாரும் என்னோடு பேசக் கூடாது. நடுவில் ஒருத்தர் "டிவியில சத்தம் வரலம்மா" என்றால் போதும், என் கை ஒரு கிண்ணம் தள்ளிப் போய்விடும். அந்த வகையில் நீங்கள் என்னோடு பேசாமல் இருப்பது எங்கள் விதிக்கு உட்பட்டதுதான். நன்றி.

நாலு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது மாமா. நேற்றுத்தான் மேலாளர், "சரி, செஞ்சு பாருங்க" என்றார். அந்தச் சந்தோஷத்தில் ராத்திரியே அங்கியை இஸ்திரி போட்டு வைத்தேன். முதல் ஆளாக உங்களைக் கேட்டதும் வேண்டுமென்றுதான். உங்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்டால், "மாமனாருக்கு மட்டும் தனிச் சட்டமா" என்று கூடமே கிளம்பியிருக்கும். கேட்கும்போது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நீங்கள் கவனிக்கவில்லை, ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 7
ஒன்பதாம் அறை

மருமகளுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சுவருக்கு இப்போது என் ஜாதகமே தெரியும். ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை. நிலுவையில் இருக்கிறது.

நீ எழுதிய காரணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோர்ட்டில் நான் கேட்காத காரணமா? உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. இது ஞாபகப் பரீட்சை! பெயரும் தேதியும் சொல்லத் தடுமாறுகிறவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக, ஞாபகம் தப்பியவர்களைப் பூட்டி வைக்கிற மேல் மாடிக்கு மூட்டை கட்டுகிற ஏற்பாடு. மேல் மாடிக் கதவு உள்பக்கமிருந்து திறக்காது என்று எங்களுக்குத் தெரியாதா? போனவர்களில் யார் திரும்பிக் கீழே வந்து எங்களோடு டீ குடித்திருக்கிறார்கள்? உன்மேல் பழி சொல்லவில்லை. அம்பு நீ, எய்தவர் மேலாளர்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உங்கள் பரீட்சையில் கீழ்த்தளத்தில் ஒருத்தர்கூடப் பெயிலாக மாட்டோம்! முதல் நாள் டிரைவர் திருதிருவென்று முழித்தான், பார்த்தாய் அல்லவா? நாளை கேட்டுப் பார். நாளை மறுநாளும் கேட்டுப் பார். எங்களுக்கு என்ன ஆயிற்று என்று நீயே மூக்கில் விரல் வைப்பாய். இந்த நாலு நாளாக இங்கே ஒரே கலகலப்பு. டீச்சரம்மா ஒரு கையில் கட்டோடு நடைபாதையில் வகுப்பே எடுக்கிறார். நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து எத்தனையோ நாளாயிற்று. எப்படி என்று கேட்காதே, அது கட்சிக்காரர் ரகசியம்.

மாமா


ஜூன் 9
நர்ஸ் அறை

மாமாவுக்கு,

பரீட்சைதான். ஆனால் எழுதுகிறது நான். சரியான மாத்திரை சரியான ஆளிடம் போகிறதா என்று என்னைச் சோதிக்கத்தான் அந்தக் கேள்வி. மேல் மாடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சமையலம்மாவிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னாலாவது நம்புங்கள், இங்கே நர்ஸைவிட அவர் பேச்சுதான் எடுபடுகிறது.

ஆனால் மாமா, ஒரு நல்ல செய்தி! மூக்கில் விரல் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் இரண்டு நாளாகப் பெயரும் பிறந்த தேதியும் கணீரென்று சொல்கிறார். முதல் நாள் தன் பெயருக்குப் பதிலாகப் பேருந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னவரா இவர்! டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். புதிதாக ஆரம்பித்த ஞாபக மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று அவருக்கும் சந்தோஷம். இன்றிலிருந்து அளவைக் கூட்டியிருக்கிறார். இந்த வேலைக்கு வந்து ஒருவருக்கு ஞாபகம் திரும்புவதை நான் பார்த்ததே இல்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உறுத்துகிறது. பதில் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

உங்கள் மருமகள்


ஜூன் 13
ஒன்பதாம் அறை

மருமகளுக்கு,

வழக்கை ஒருபுறம் வை. சும்மா ஒரு சந்தேகம். அந்த ஞாபக மாத்திரையை அளவு கூட்டினால் ஆளுக்குத் தூக்கம் வருமா? டிரைவர் பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். நேற்று எழுந்து நின்றவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "பிரேக் பிடிக்கல" என்றான். நான் சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குக் கை நடுங்கும் என்பது உனக்குத் தெரியும். காலையில் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறவன் அவன்தான். அவனுக்கு வார்த்தை கிடைக்காதபோது எடுத்துக் கொடுக்கிறவன் நான். இப்படியே வண்டி ஓடுகிறது. நேற்று அவன் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டான்.

சும்மாதான் கேட்டேன். வேறொன்றும் இல்லை.

மாமா


ஜூன் 14
நர்ஸ் அறை

மாமாவுக்கு,

"சும்மா" என்று நீங்கள் ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதினால் அங்கே சும்மா ஒன்றும் இல்லை. அந்த மாத்திரை நாடித் துடிப்பைக் குறைக்கும், தலை சுற்றும். இன்று நாடி பார்த்தேன், கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார், போனில் சொல்லிவிட்டேன். "ஞாபகம் நல்லா முன்னேறியிருக்கே, ரெண்டு நாள் பார்க்கலாம்" என்கிறார். உண்மையிலேயே முன்னேறியிருக்கிறாரா, மாமா? கூடவே படுத்து எழுந்திருக்கிற உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

நாளை ஞாயிறு, எனக்கு விடுப்பு. மாற்று நர்ஸ் வருகிறாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் உங்கள் ஒருத்தர் முகமும் அவளுக்குத் தெரியாது. கேள்வியும் சீட்டும்தான் அவளுக்குத் துணை. ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 15, ஞாயிறு
ஒன்பதாம் அறை

அம்மா,

கை நடுக்கத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, கூட்டிப் படித்துக்கொள். விஷயத்தை உனக்குப் போனில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி நான்தான். என் வாக்குமூலத்தை முழுதாகக் கேள்!

காலை உணவு. டிரைவர் டீயைத் தட்டிவிட்டான். அவன் நாற்காலியெல்லாம் டீ, என் கையெல்லாம் டீ. "என் இடத்துல உக்காருடா" என்று அவனை உட்காரவைத்துவிட்டு, மூலையில் இருக்கிற குழாயில் கை கழுவப் போனேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது. சிவப்பு அங்கி போட்ட அந்தப் பெண் என் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என் நாற்காலியில் இருந்தவனிடம் நீ சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள். "ஐயா, உங்க பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க."

டிரைவர் என்னைத் தேடினான். நான் அங்கே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். கணீரென்று சொன்னான் அம்மா, என் பெயரை! என் பிறந்த தேதியை! ஒரு எழுத்துப் பிசகாமல்!

எப்படி என்று கேட்கிறாயா? அவனை மேல் மாடிக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்து, தினமும் சாயங்காலம் அறையில் ஒத்திகை பார்த்தோம். "இப்படிச் சொல்லணும்டா" என்று முதலில் நான் என்னுடையதைச் சொல்லிக் காட்டுவேன். பிறகு, "இப்ப உன்னோடதைச் சொல்லு" என்பேன். காலையில் நீ குனிந்து சீட்டைப் பார்க்கிற நேரத்தில் நான் வாயசைப்பேன், அவன் பார்த்துச் சொல்லிவிடுவான். ஆனால் அவன் மனதில் நின்றது அவனுடையது இல்லை. நான் தினமும் முதலில் சொல்லிக் காட்டியது!

அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள். பெயர் சரி. தேதி சரி. அவள்மேல் என்ன தப்பு? என் மாத்திரைகளை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

குழாயடியில் கையெல்லாம் சோப்போடு நின்று என் பெயரை இன்னொருத்தன் குரலில் கேட்கிறேன். இப்போது கத்தினால், அவனுக்குத் தன் பெயரே தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மாடிக்குப் போய்விடுவான். கத்தாவிட்டால் என் மாத்திரை அவன் வயிற்றுக்குள் போய்விடும். நாடி இறங்கிக் கிடக்கிறது என்று நேற்றுத்தானே நீ எழுதினாய்! பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் நின்றேன். கை வாயருகே போவதைப் பார்த்ததும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். பழைய கோர்ட் குரல்! அவன் பெயரைக் கூவினேன். மூன்று தடவை! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சமையலம்மா சத்தியம் செய்கிறார்.

டிரைவர் என்ன செய்தான் தெரியுமா? ஏதோ ஒரு பேருந்து வழக்கில் அவனும் ஒரு காலத்தில் கோர்ட்டுக்கு அலைந்தவன். விலுக்கென்று எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "இருக்கேன் ஐயா!" என்றான். கை கூப்பியதில் மாத்திரையெல்லாம் தரையில் உருண்டது! டீச்சரம்மா ஒன்றின்மேல் செருப்பை வைத்து அமுக்கிவிட்டார். கூடம் முழுக்கக் கை தட்டிற்று. அந்தப் பெண் அழுதாள், நான் அழுதேன், டிரைவர் மட்டும், "கேஸ் என்னாச்சு? வாய்தாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அம்மா, அவனுக்குத் தன் பெயர் தெரிகிறது! சொல்லத்தான் வரவில்லை, கூப்பிட்டால் தெரிகிறது! மேலாளரிடம் இதைச் சொல். அவனை மாடிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல். தப்பு முழுக்க என்னுடையது. தண்டனையை எனக்குக் கொடு.

மாமா


ஜூன் 16
நர்ஸ் அறை

மாமா,

உங்களைத் திட்ட நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நேற்று விடுப்பில் வீட்டிலிருந்தவள் போனைக் கேட்டதும் கால் செருப்பு மாறி ஓடி வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன். உள்ளே வந்திருந்தால் முதலில் அடித்திருப்பேனா, காலில் விழுந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் வந்தார். உங்கள் கொதிப்பு மாத்திரையும் நாடியைக் குறைக்கிற வகைதானாம். டிரைவருடைய ஞாபக மாத்திரையோடு சேர்ந்திருந்தால் ஆளைச் சாய்த்திருக்கும் என்றார். கூட்டிய அளவைக் குறைத்துவிட்டார். நீங்கள் வாயசைத்த வாயசைப்புக்கு டிரைவருக்கு மருந்து ஏறியிருக்கிறது, பார்த்தீர்களா? முப்பது வருஷம் பொய்ச்சாட்சிகளைப் பார்த்த மனுஷர் நீங்கள்!

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். கூப்பிட்டதும் "இருக்கேன் ஐயா" என்றாரே, அது அவர் பெயருக்காக இல்லை, உங்கள் குரலுக்காக. யார் பெயரைக் கூவியிருந்தாலும் எழுந்திருப்பார். முதல் கடிதத்தில் நான் எழுதிய "ஆமாம்மா" இதுதான். சந்தேகமிருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மேலாளர், "பேரே சொல்ல வராதவருக்குக் கீழ்த்தளத்துல மாத்திரை கொடுக்கறது ஆபத்து. மேல அனுப்பிடலாம்" என்கிறார். மேல் மாடிக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று எழுதினேனே, அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் விடவில்லை மாமா, மேசையைத் தட்டிப் பேசினேன்! ஆளுக்குப் பெயர் சொல்ல வராவிட்டால் தப்பு ஆளிடம் இல்லை, ஒரே வழியை நம்பிய எங்களிடம். சீட்டில் அவரவர் புகைப்படம் ஒட்டுவோம், கையில் பெயரும் தேதியும் எழுதிய பட்டை கட்டுவோம். படமும் பட்டையும் ஒத்துப்போனால்தான் மாத்திரை. பேச வருகிறவர்கள் பேசட்டும், வராதவர்கள் பேச வேண்டாம். "செஞ்சு காட்டுங்க" என்றார். வியாழக்கிழமை காலை நேரில் வந்து பார்க்கிறார். மாத்திரை கொடுக்கப்போவது அந்த மாற்று நர்ஸேதான். சரியாக நடந்தால் டிரைவர் ஒன்பதாம் அறையில்.

இரண்டு விஷயம் உங்கள் கையில். டிரைவர் பட்டையைக் கட்டவிட மாட்டேன் என்கிறார். "நான் என்ன பார்சலா?" என்று கேட்கிறார். அவரைச் சம்மதிக்க வையுங்கள். அடுத்தது, வியாழக்கிழமை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. உதடுகூட அசையக் கூடாது. அவர் உங்களைப் பார்ப்பார், தவிப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். முடியுமா?

உங்கள் மருமகள்


ஜூன் 18
ஒன்பதாம் அறை

மருமகளுக்கு,

சோதித்தேன். அறையில் வைத்து டீச்சரம்மாவின் பெயரை மூன்று தடவை கூவினேன். டிரைவர் எழுந்து கை கூப்பி, "இருக்கேன் ஐயா" என்றான். நடைபாதையிலிருந்து டீச்சரம்மாவும் ஓடி வந்தார். உன் பக்கமே தீர்ப்பு. அப்பீல் இல்லை.

யோசித்தால் இது எனக்கே தெரிந்த விஷயம்தான். கோர்ட்டிலும் கூப்பிட்டதும் வந்து நிற்கிறவனை நீதிபதி அப்படியே நம்ப மாட்டார். "உம் பேரைச் சொல்லும்" என்று அவன் வாயாலேயே கேட்பார். அவசரத்தில் பக்கத்து வழக்குக்காரன் வந்து நின்ற கதையெல்லாம் உண்டு. தினமும் காதால் கேட்ட கேள்வி, என்னிடம் கேட்டபோது மட்டும் எனக்கு அவமானமாகப் போயிற்று.

பட்டை கட்டியாயிற்று! "பார்சல் இல்லடா, இது டியூட்டி பாஸ். இது இல்லாம டிப்போவுக்குள்ள விடமாட்டாங்க" என்றேன். யோசித்தான். "அப்ப உன்னோடது எங்க?" என்றான். சமையலம்மாவிடம் சொல்லி எனக்கும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது டீச்சரம்மாவுக்கும் வேண்டுமாம். நீ கீழ்த்தளத்துக்கே தைக்க வேண்டியிருக்கும்.

புகைப்படத்துக்குத்தான் பெரும்பாடு. என்னோடு சேர்ந்து நின்றால்தான் எடுத்துக்கொள்வேன் என்று அடம். சேர்ந்தே எடுத்தோம். சமையலம்மா கத்தரிக்கோலால் என்னை வெட்டி எடுத்துவிட்டார். அவன் தோளில் இருக்கிற கை மட்டும் என்னுடையது. பரவாயில்லையா?

நாளை வாயைத் திறக்க மாட்டேன். கடினம்தான். கூவியே பிழைத்தவன். ஆனால் திறக்க மாட்டேன்.

மாமா


ஜூன் 19, வியாழன்
நர்ஸ் அறை

மாமாவுக்கு,

இதை நேரில் சொல்லலாம். சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் கடைசியாக ஒரு கடிதம். நீங்கள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, போதாததற்குக் கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தீர்கள். அதனால் நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது. டிரைவரும் மெதுவாகத்தான் பேசினார், உங்கள் காதுக்கு எட்டியிருக்காது.

கூடத்தில் டிவியை அணைத்துவிட்டார்கள். மேலாளர் கை கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நான் அவர் பக்கத்தில். மாற்று நர்ஸ் டிரைவர் முன்னால் வண்டியை நிறுத்திப் பெயர் கேட்டாள். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். டீச்சரம்மாவைப் பார்த்தார். அவர் உத்தரத்தைப் பார்த்தார். இத்தனை நாள் ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த கூடத்தில் ஒருத்தர் வாயசைக்கவில்லை மாமா! எனக்கே பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அவசரப்படவில்லை. சீட்டை அவர் பக்கம் திருப்பி, "இது யாருங்க ஐயா?" என்று கேட்டாள். அவர் படத்தை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். தோளில் இருந்த உங்கள் கையை விரலால் தடவினார்.

"இவரா? இவரு ஒன்பதாம் நம்பர் ரூம்ல இருக்காரு" என்றார். "அந்தக் கத்தற மனுஷனோட சிநேகிதன்."

பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். படத்தில் இருந்த மீசையைத் தொட்டார். "நான்தாம்மா" என்றார்.

அவள் அந்த வார்த்தையை மட்டும் நம்பிவிடவில்லை, கெட்டிக்காரி. படத்தையும் முகத்தையும் பார்த்தாள். பட்டையைத் திருப்பிப் பெயரையும் தேதியையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. அவருடைய மாத்திரை, அவருடைய கையில். மேலாளர் போகும்போது, "எல்லார் சீட்டுலயும் போட்டோ ஒட்டிடுங்க" என்று மட்டும் சொன்னார். ஒன்பதாம் அறையில் இரண்டு கட்டிலும் அப்படியே இருக்கும், மாமா.

அதற்கடுத்து வண்டி உங்கள் முன்னால் வந்ததை நீங்கள் கவனிக்கவே இல்லை. அவள் பெயர் கேட்கிறாள், நீங்கள் பொத்திய கையை எடுக்கவில்லை. மூன்று தடவை கேட்டாள்! கூடமே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் நான் வந்து, எல்லாருக்கும் முன்னால், உங்கள் கையைப் பிடித்து இறக்கி, "மாமா, வாயைத் திறங்க. உங்க பேரைச் சொல்லுங்க" என்றேன். நீங்கள் கேட்ட மன்னிப்பு அதே கூடத்தில்தான், இப்படித்தான் என்னால் கேட்க முடிந்தது.

நீங்கள் சொன்னீர்கள். என்ன சத்தம்! பெயரும் தேதியும் போதும் என்றால் கேட்கவில்லை, அப்பா பெயர், பார்த்த வேலை எல்லாம் சொல்லி, கடைசியில், "இந்த நர்ஸோட மாமனார்" என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். அது சீட்டில் இல்லையே என்று அந்தப் பெண் தடுமாறிப்போனாள்.

மேல் மாடியிலிருந்து யாரோ, "இருக்கேன் ஐயா" என்று பதில் குரல் கொடுத்தார்களாம். சமையலம்மா சொன்னார். நாளையிலிருந்து படமும் பட்டையும் எடுத்துக்கொண்டு அங்கேயும் போகிறேன். டீ குடித்ததும் நீங்களும் வாருங்கள், டிரைவரையும் கூட்டிக்கொண்டு. வழியில் பேசிக்கொண்டே போகலாம், அங்கியைக் கழற்றிவிடுகிறேன்.

உங்கள் மருமகள்